உக்காத மிச்சம்

கலைப்பீட மாணவன் ஒருவன் கோழியெருவைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தமை நண்பர் சிலருக்கு நகைப்பை விளைவித்தது. "இது விவசாய பீடத்தாருக்குரிய சங்கதி; உமக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டனர். எருவுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு நூல்வழி வந்ததன்று. எங்கள் வீட்டுப் பின்வளவில் நானே கடகத்தாற் சுமந்து, மண்வெட்டியாற் புரட்டி, கைவைத்துச் சூடு பார்த்து ஆக்கிய குவியல் ஒன்றினால் வந்த தொடர்பு அது. அக்குவியலையிட்டு முதலிற் பெருமை கொண்டேன், பின்னர் அஞ்சினேன். அந்த அச்சமே என்னை நூலகத்துக்கும் பண்ணைக்கும் ஆய்வுகூட வாயிலுக்கும் இட்டுச் சென்றது.

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மரக்கறியும் செய்யும் குடும்பம் எங்களுடையது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நான் உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டிலிருந்தேன். யூரியா கடைகளிலிருந்து மறைந்தது. மாட்டெருவுக்குப் போட்டி ஏற்பட்டது. ஆடுமாடுகளைத் தோட்டத்திற் பட்டியடைத்தும், பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தும் நிலத்துக்கு உரமூட்டியவர்கள் எம் மூதாதையர். ஆயின் அந்த ஒழுங்கு என் தந்தையாரின் காலத்திலேயே பெரும்பாலும் அருகிவிட்டது. வேண்டியபோது அதனை ஓரிரவில் மீட்டெடுக்க இயலவில்லை. ஆகவே ஐயா அயலூர்க் கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து உழவு இயந்திரப் பெட்டி நிறையக் கோழியெரு கொண்டுவந்து வளவில் இறக்குவித்தார்.

கோழியெருவைப் பச்சையாக இடுதல் ஆகாது. அதன் நைதரசன் அமோனியாவாக வெளிப்பட்டு இளவேரைக் கருக்கும். நோய் விளைக்கும் நுண்ணங்கிகளும் அதில் இருக்கக்கூடும். ஆதலின் வைக்கோலும் பூவரசங் குழையும் இடையிடையே பரப்பி, ஆளுயரத்துக்குக் குவியல் அமைத்தோம். மூன்றாம் நாளே அது கொதிக்கத் தொடங்கியது. விடியற்காலையிற் புரட்டினால் உள்ளிருந்து ஆவி எழும். ஆழக் கைவைத்தால் ஒரு கணத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பல நாள் நீடித்து, குவியலின் எல்லாப் பகுதிகளையும் எட்டுமாயின், நோய்க் கிருமிகளுட் பெரும்பாலானவையும் களைவித்துக்களும் அழிந்துபோகும் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அப்போது அந்தச் சூட்டை ஒரு தூய்மைச் சடங்காகவே கருதினேன். நெருப்பிலிட்ட பொன் மாசு நீங்குவது போல, எருவும் மாசு நீங்குகின்றது என்பதே என் எண்ணம்.

நாற்பது கடகம் கொட்டிய குவியல், நான்கு மாத முடிவிற் பத்தொன்பது கடகமாகச் சுருங்கியது. கறுத்து, உதிர்ந்து, மழை நனைத்த மண்ணின் மணம் வீசிய அதனை ஐயா உள்ளங்கையில் ஏந்தி அயலவருக்குக் காட்டினார். அந்தப் போகம் வெங்காயம் மோசமாகவில்லை. கிணற்றடியில் அம்மா வைத்த கீரைப் பாத்தி முன்னெப்போதும் இல்லாதவாறு செழித்தது. அக்காவின் குழந்தைக்குச் சோற்றுடன் மசித்துக் கொடுக்கப்பட்ட முதற் கீரை அந்தப் பாத்தியிலிருந்தே பறிக்கப்பட்டது. மறு ஆண்டும் அவ்வாறே இரண்டாங் குவியல் ஒன்றை அமைத்தோம்.

பேராதனைக்கு வந்தபின் முதலாம் வருட மாணவர்களுக்கு இடையிலான விவாதம் ஒன்றிற் சேதனப் பசளையின் பக்கம் நின்று பேசினேன். எங்கள் குவியலின் கதையே என் பேச்சின் உச்சம். "இதில் நஞ்சில்லை, நெருப்பிற் குளித்து வந்த எரு இது" என்று முடித்தபோது நல்ல கைதட்டல் கிடைத்தது. மண்டபத்தை விட்டு வெளியேறுகையில், விடுதியில் என் அறையிலேயே வசித்த விவசாய பீட நண்பர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்.

"உம்முடைய குவியல் பாதிக்கும் குறைவாகச் சுருங்கியது என்றீர். சுருங்கியபோது வெளியேறியது எது? காபன் காபனீரொட்சைட்டாகப் போயிற்று, நீர் ஆவியாயிற்று, நைதரசனிலும் ஒரு பங்கு போயிற்று. தீனியோடு வந்த செம்பும் நாகமும் எங்கே போயின?"

எனக்கு விடை தெரியவில்லை. விடை மிக எளியது என்பதே பின்னர் எனக்கு நாணத்தைத் தந்தது. அவை எங்கும் போகவில்லை. நுண்ணங்கிகள் சேதன மூலக்கூறுகளைச் சிதைக்கும். மூலகத்தை அவற்றாற் சிதைக்க முடியாது. செம்பு, நாகம், கட்மியம், ஈயம், ஆசனிக்கு முதலாயவற்றைப் பொதுவாகப் பார உலோகங்கள் என்பர். ஆசனிக்கு தூய உலோகமன்றெனினும் இவ்வரிசையில் வைத்தே பேசப்படுகின்றது. நான்கு மாதமன்று, நாற்பது ஆண்டு கிடந்தாலும் இவை உக்குவதில்லை. குவியல் எவ்வளவு நன்றாக உக்கிச் சுருங்குகின்றதோ, அவ்வளவுக்கு எஞ்சும் எருவில் அவற்றின் செறிவு உயரும். நாம் பட்ட பாடும் புரட்டிய கவனமும் எருவின் மற்றெல்லாக் குணங்களையும் மேம்படுத்தின. இந்த ஒன்றில் மட்டும் எதிர்ப்பயன் விளைத்தன.

நண்பர் கடதாசியில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கடகம் கணக்கன்று, உலர்நிறையே கணக்கு என்று முதலிலேயே திருத்தினார். கோழி உண்ணும் தீனியின் உலர்நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு எச்சமாக வெளிவருகின்றது. தீனியில் இருந்த நாகமோ மிகப் பெரும்பாலும் எச்சத்தோடு வெளியேறிவிடுகின்றது. எனவே கிலோகிராமுக்கு 100 மில்லிகிராம் நாகங் கொண்ட தீனி, கிலோகிராமுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கொண்ட எச்சமாகின்றது. அவ்வெச்சம் உக்கிப் பாதியாயின், 800. சேதனப் பசளைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியில் நாகத்துக்கு வகுத்த உச்ச எல்லையும் அந்த 800 மில்லிகிராமே. உமியும் வைக்கோலும் குழையும் கலப்பதால் உண்மைக் குவியலில் இலக்கம் குறையும். ஆயினும் கணக்கு உணர்த்தும் நெறி மாறாது: தீனியில் ஒன்று கூடினால் எருவில் எட்டுக் கூடும், தீனியில் ஒன்று குறைந்தால் எருவில் எட்டுக் குறையும்.

இந்த உலோகங்கள் தீனிக்குள் வருவது எதனால்? நாகமும் செம்பும் கோழியின் உடலுக்கு இன்றியமையாதவை. இறைச்சிக் கோழிக்குத் தீனியின் கிலோகிராம் ஒன்றில் 40 மில்லிகிராம் நாகமும் 8 மில்லிகிராம் செம்பும் தேவையென 1994 இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை குறித்தது. சோளத்திலும் சோயாவிலும் உள்ள பைற்றேற்று என்னும் பொருள் நாகத்தைப் பிணைத்து உடலிற் சேரவிடாது தடுப்பதால், பாதுகாப்புக் கருதி மேலதிகமாகச் சேர்ப்பது வழக்கமாயிற்று. செம்பைத் தேவைக்குப் பன்மடங்காகச் சேர்த்தால் வளர்ச்சி விரையும் என்று கண்டு அதனையும் சேர்த்தோர் உளர். கட்மியத்தை எவரும் விரும்பிச் சேர்ப்பதில்லை. கனியப் பொசுபேற்றுக்களோடும் தூய்மை குறைந்த நாகச் சேர்வைகளோடும் அது வேண்டா விருந்தாளியாக நுழைகின்றது.

ஆசனிக்கின் வரலாறு இன்னும் படிப்பினை மிக்கது. அமெரிக்காவில் 1940களிலிருந்து றொக்சார்சோன் என்னும் ஆசனிக்குச் சேர்வை கோழித்தீனியிற் கலக்கப்பட்டது. குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயைத் தடுக்கவும், பறவை விரைந்து கொழுக்கவும், இறைச்சி நல்ல நிறம் பெறவும் அது உதவிற்று. உண்ட ஆசனிக்கிற் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிற்று. குவியலிலும் மண்ணிலும் இருந்த நுண்ணங்கிகள் அதனைச் சிதைத்தன. சிதைவின் முடிவில் எஞ்சியது முன்னையதினும் நச்சுத்தன்மை கூடிய அசேதன ஆசனிக்கு. உக்கல் இங்கு மாசைத் தீர்க்காததோடு, மேலும் கொடியதாகவும் மாற்றிற்று. அம்மருந்து ஊட்டப்பட்ட கோழிகளின் ஈரலில் அசேதன ஆசனிக்கு மிகுந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2011 இல் வெளிப்படுத்தியதை அடுத்து விற்பனை நிறுத்தப்பட்டது. 2013 இல் அதன் அனுமதி மீளப்பெறப்பட்டது. அவ்வினத்தில் எஞ்சியிருந்த நைற்றார்சோனும் 2015 முடிவில் விலக்கப்பட்டது. எருவுக்கு ஆசனிக்கு வந்த அந்த வழி அடைபட்டது எந்தக் கூட்டெரு நுட்பத்தாலுமன்று. தீனித் தொட்டியில் எடுக்கப்பட்ட முடிவால்.

இதைப் படித்தபோது 2021 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சீனாவிலிருந்து எம் நாட்டை நோக்கி வந்த சேதனப் பசளைக் கப்பல் நினைவுக்கு வந்தது. மாதிரிகளில் தீங்கு பயக்கும் பற்றீரியாக்கள் உள்ளனவென இங்குள்ள அதிகாரிகள் அறிவித்ததும், அனுப்பியோர் அதனை மறுத்ததும், நாடே அதனைப் பேசியதும் பலருக்கு நினைவிருக்கும். அன்று வீட்டுத் திண்ணையிலிருந்து நாங்களும் பேசினோம். "கிருமி உண்டா, இல்லையா?" என்பதே கேள்வி. அது தேவையான கேள்விதான். ஆயின் கிருமி சூட்டில் இறக்கும்; உலோகம் இறவாது. அன்று எங்கள் பின்வளவில் ஆவியெழுந்து கொண்டிருந்த குவியலைப் பற்றி அந்த இரண்டாவது கேள்வியை நாங்கள் ஒருபோதும் கேட்டுக்கொள்ளவில்லை.

2024 இல் விடுமுறைக்குச் சென்றபோது ஐயாவிடம் விடயத்தை எடுத்துரைத்தேன். "மண் எல்லாத்தையும் செமிக்கும், தம்பி" என்றார். அது அறியாமையின் பேச்சன்று. அவர் வாழ்நாள் முழுவதும் கண்ட உண்மை. அவர் மண்ணிலிட்ட குழையும் சாணமும் ஓலையும் யாவும் செமித்தே போயின. செமியாத ஒன்றை எருவென்று வாங்கிப் போடும் காலம் அவர் அனுபவத்துக்குப் புதிது. எனினும் மறுநாட் காலை அவரே என்னைப் பண்ணைக்கு அழைத்துச் சென்றார்.

பண்ணைக்காரர் எங்களை அன்போடு வரவேற்று எல்லாவற்றையும் ஒளியாமற் காட்டினார். அவர் வாங்குவது எல்லாச் சத்தும் சேர்த்து ஆக்கப்பட்ட முழுத்தீனி. அதன் மேலும் கனியுப்புத் தூளொன்றை அவர் தம் கையாற் கலந்துவந்தார். "தீனியிலை எல்லாம் இருக்கெண்டுதான் சொல்லுறாங்கள், அண்ணை. எண்டாலும் இன்னும் ரெண்டு கரண்டி போட்டால் முட்டைக் கோது உறுதியா இருக்குமெண்டு நான் போடுறனான்" என்றார். குடிதண்ணீரில் இடைக்கிடை துருசு கலப்பதாகவும் சொன்னார். பூஞ்சண நோய்க்கு நல்லதென்று யாரோ சொல்லியிருந்தனர். துருசு என்பது செப்புச் சல்பேற்று. கரண்டி கரண்டியாக அவர் காசு கொடுத்து வாங்கிக் கொட்டிய உலோகம் கோழியினூடாகக் கடந்து, கூளத்திற் சேர்ந்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி எங்கள் வளவை வந்தடைந்தது. இதில் எவரிடமும் வஞ்சகம் இல்லை. கூடப்போட்டால் நல்லது என்ற நம்பிக்கைதான் இருந்தது. அந்நம்பிக்கை யூரியாக் காலத்தில் எங்களிடமும் இருந்தது.

இரண்டாங் குவியலில் எஞ்சியிருந்த எருவில் ஒரு பையும், அயல்வீட்டு மாட்டெருவில் ஒரு பையும் எடுத்துக்கொண்டு பேராதனைக்குத் திரும்பினேன். நண்பர் தம் ஆசிரியர் ஒருவரின் அனுமதியோடு அவற்றைச் சோதிப்பித்துத் தந்தார். கிடைத்த இலக்கங்களை இங்கு எழுதப்போவதில்லை. ஒரு பையை வைத்து ஒரு மாவட்டத்தின் எருவைத் தீர்ப்பிடுதல் தகாது. எதிர்பார்த்தவாறே மாட்டெருவிற் காணப்பட்டதினும் எங்கள் எருவில் நாகமும் செம்பும் மிக உயர்ந்திருந்தன. கட்மியமும் ஆசனிக்கும் அஞ்சும் அளவில் இல்லை. ஆயின் நான்காவது வரியில் இருந்த ஈயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அது ஐரோப்பிய ஒழுங்குவிதி குறித்த 120 மில்லிகிராம் என்ற எல்லைக்கு உட்பட்டதே. எனினும் மாட்டெருவில் இருந்ததைப் போலப் பன்மடங்கு.

கோழித்தீனியில் ஈயத்துக்கு அவ்வளவு இடமில்லையே என்று நண்பர் வியந்தார். குவியலில் வேறென்ன போட்டீர்கள் என்று வினாவினார். வைக்கோல், குழை, சாம்பல் என்றேன். என்ன சாம்பல் என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

எங்கள் பழைய வீடு 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் சிதைந்து போயிற்று. அதன் கதவுகளும் யன்னற் சட்டங்களும், பாட்டனார் காலத்திலிருந்து பூச்சின்மேற் பூச்சாக வர்ணம் ஏறியவை, வளவின் கோடியில் அடுக்கிக் கிடந்தன. அவற்றை எரிக்க அம்மாவுக்கு மனம் வந்ததில்லை. 2022 இற் சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாது போனபோது, வேறு வழியின்றி ஒவ்வொன்றாகப் பிளந்து அடுப்பில் வைத்தார். முற்கால வர்ணப் பூச்சுக்களில் ஈயம் சேர்ந்திருந்தது. மரம் எரிந்தது, ஈயம் சாம்பலில் தங்கிற்று. எருவின் நாற்றமும் இலையானும் அடங்கும் என்று அச்சாம்பலை அம்மா நாள்தோறும் குவியலின் மேற் தூவினார். நானும் தூவினேன். பண்ணைக்காரரின் கரண்டியைக் குறைகூற எழுந்த நான், என் கையிலிருந்த சாம்பற் சட்டியைக் காணாதிருந்தேன்.

அன்றிரவு தொலைபேசியிற் செய்தியைச் சொன்னேன். ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதனை எவ்வளவு மென்மையாகச் சொல்ல இயலுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியமுன் கீரைப் பாத்தி முழுவதையும் பிடுங்கிவிட்டார் என்று ஐயா பின்னர் சொன்னார். அக்கா குழந்தையை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுசென்றார். குருதிச் சோதனையில் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை என்ற செய்தி வரும்வரை எந்த விரிவுரையும் என் காதில் ஏறவில்லை.

அந்நாட்களிற் படித்தவற்றுள் சில ஆறுதலும் அளித்தன. ஈயம் வேரினூடாக இலைக்கு ஏறுவது குறைவு. மழைத்துளி தெறித்து இலையில் ஒட்டும் மண்ணினாலும், குழந்தை வாயில் வைக்கும் மண்படிந்த கையினாலும் உடலிற் சேர்வதே கூடுதல். கீரையை நன்கு கழுவுதலும், பாத்தி மண்ணைச் சருகால் மூடி வைத்தலும் ஆதலாற் பயனுள்ளவை. கோழியெருவில் மிகுந்துள்ள பொசுபேற்று ஈயத்தைப் பற்றிக்கொண்டு எளிதிற் கரையாத கனியமாக்கும். சுண்ணக்கல்லின் மேல் அமைந்த எங்கள் செம்மண்ணும் அமிலத்தன்மை குறைந்தது. அதில் நாகமும் கட்மியமும் எளிதில் அசைவதில்லை. எங்கள் மண் எங்களை ஓரளவு காத்தது. ஐயாவின் கூற்று முழுவதும் பொய்யன்று: மண் உலோகத்தைச் செமிக்காது, ஆயினும் சில இடங்களில் அதனைக் கட்டிவைத்திருக்கும்.

சில இடங்களில் என்றே சொல்கின்றேன். பேராதனையிலிருந்து கம்பளை வழியாக மலையேறும் வீதியில், கித்தான் போர்த்த லொறிகள் கோழியெருவோடு செல்வதை நாசியே அறிவித்துவிடும். கோழிப்பண்ணைகள் மலிந்த வடமேல் மாகாணத்தின் எருவுக்கு நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்கள் பெரிய சந்தை. மலையகத்து மண் மழையால் அரிக்கப்பட்டு அமிலமானது. அமில மண்ணில் நாகமும் கட்மியமும் கரைந்து பயிருக்குள் ஏறுதல் எளிது. அதிலும் இலைமரக்கறிகள் கட்மியத்தைக் கூடுதலாக ஏற்பவை. ஒரே பண்ணையின் எரு எங்கள் தோட்டத்தில் உறங்கலாம், அங்கு விழித்துக்கொள்ளலாம். ஆகவே எருவைச் சோதித்தல் மட்டும் போதாது. அது சென்று சேரும் மண்ணையும் அறிதல் வேண்டும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? நான் படித்தவற்றையும் கண்டவற்றையும் சேர்த்துப் பார்க்கையிற் பரிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன; முன்னே நிற்பது மலிவானது, பின்னே செல்லச் செல்லச் செலவு கூடிப் பயன் குறைகின்றது. முதலாவது தீனித் தொட்டி. முழுத்தீனிக்கு மேல் மேலதிகக் கரண்டி வேண்டியதில்லை. பைற்றேற்றை உடைக்கும் பைற்றேசு என்னும் நொதியத்தைத் தீனியிற் சேர்த்தால், அதிலுள்ள நாகமே கோழிக்குக் கூடுதலாகப் பயன்படும். சேதன அமிலங்களோடு பிணைத்த கனியுப்புக்களைக் குறைந்த அளவிற் கொடுத்தாலும் போதும். ஐரோப்பிய ஒன்றியம் கோழித்தீனியில் நாகத்தின் உச்ச அளவைக் கிலோகிராமுக்கு 150 மில்லிகிராமிலிருந்து 120 ஆக 2016 இற் குறைத்தமைக்குச் சூழலைக் காத்தலே முதன்மைக் காரணம். இரண்டாவது கூளம். உமி நல்லது, செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஏற்றிப் பதனிட்ட மரத்தின் தூளோ, வர்ணம் பூசிய மரத்தின் சாம்பலோ கூடாது.

மூன்றாவதே குவியல். இங்கு நாம் செய்யக்கூடியது உலோகத்தின் தொகையைக் குறைப்பதன்று, அதன் அசைவைக் குறைப்பது. நன்கு முதிர்ந்த எருவிலுள்ள உக்கற் பொருள் செம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் அரைகுறையாக உக்கிய எருவை அவசரப்பட்டு இடலாகாது. உமியை முழுவதும் எரியவிடாது கரியாக்கி, குவியலிற் பத்திலொரு பங்களவு கலந்தால், அக்கரியின் நுண்துளைப் பரப்பு உலோகங்களைப் பற்றுவதோடு அமோனியாவையும் ஓரளவு தடுத்துவைக்கும். சிலவகைக் களிகளும் அவ்வாறு பயன்படும். சுண்ணாம்பும் உலோகத்தைக் கட்டும். ஆனால் குவியல் கொதிக்கும் பருவத்திற் சுண்ணாம்பு இட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். மண்புழுக்கள் எருவிலுள்ள உலோகத்திற் சிறிதைத் தம் உடலிற் சேர்க்கும் என்று கூறி அவற்றைப் பரிந்துரைப்போர் உளர். ஆயின் அப்புழுக்களைப் பின்னர் பிரித்தெடுத்து அகற்றவேண்டும். அவற்றைக் கோழிக்கே போட்டால் உலோகம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும். அமிலத்தாற் கழுவி எடுக்கலாம் எனின், கழுவுநீரோடு சத்தும் போய்விடும். அந்நீரை எங்கு ஊற்றுவது என்ற கேள்வியும் எஞ்சும்.

துப்புரவான வைக்கோலையும் குழையையும் கூடுதலாகக் கலந்து செறிவை எல்லைக்குள் கொண்டுவருதல் ஆகாதா என்றும் கேட்கலாம். ஆகும், சான்றிதழ் பெற அது உதவும். நிலமோ சான்றிதழைப் படிப்பதில்லை. ஒரு பரப்புக் காணிக்கு மொத்தமாக எவ்வளவு உலோகம் ஆண்டுதோறும் சேர்கின்றது என்பதே நிலத்தின் கணக்கு. எனவே நான்காவதும் இறுதியுமான பரிகாரம் வயலில் உள்ளது: இடும் எருவின் அளவை ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்தல், ஒரே பாத்திக்கு மீண்டும் மீண்டும் இடாது மாற்றியிடல், ஐயத்துக்குரிய எருவைக் கீரைக்கும் கிழங்குக்கும் இடாது வாழைக்கும் தென்னைக்கும் இடல்.

இவ்வளவும் கூறியபின் கோழியெருவைப் பழிப்பது என் கருத்தென எவரும் கொள்ளலாகாது. நாகம் குன்றிய வயலில் நெல் வளராது. செம்பும் பயிருக்கு வேண்டியதே. மருந்தும் நஞ்சும் அளவாற் பிரிவன என்பதே இங்கும் பொருந்தும். சேதனம் என்ற சொல்லை நான் தூய்மை என்ற சொல்லுக்கு ஈடாகக் கொண்டது என் பிழை. அந்த விவாத மேடையில் எதிரணியினர் என்னை மடக்கியிருக்கலாம். அவர்களும் என் போலவே கலைப்பீடத்தினர், கைதட்டினர்.

கடந்த விடுமுறையில் வீடு சென்றபோது பின்வளவிற் புதிய குவியல் ஒன்று ஆவியெழுப்பிக் கொண்டிருந்தது. பண்ணைக்காரர் மேலதிகக் கரண்டியை நிறுத்திப் பல மாதமாயிற்று. முட்டைக் கோது மெலியவில்லை, காசு மிச்சம் என்று ஐயாவிடம் சொல்லியிருக்கின்றார். துருசை முற்றாக விட அவருக்கு இன்னும் மனமில்லை. அடுப்புச் சாம்பலுக்கென அம்மா மூடியுள்ள வாளியொன்றை வைத்திருக்கின்றார். தென்னோலையும் மட்டையும் எரிந்த சாம்பல் மட்டும் குவியலுக்குப் போகின்றது. பழைய வீட்டின் கதவுகளில் ஒன்று எரியாமல் எஞ்சியிருந்தது. அதனை மாட்டுக் கொட்டிலின் பின்புறம் சாய்த்து வைத்திருக்கின்றார்கள். அதனை என்ன செய்வதென்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை. குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் ஐயா தம் கையெழுத்தில் எழுதத் தொடங்கியிருக்கின்றார்: எந்தப் பாத்திக்கு, எந்தத் திகதியில், எத்தனை கடகம்.